கீழ் வீட்டு ஆன்ட்டியின் மூக்கு

சாயங்காலமானால் கீழ் வீட்டு ஆன்ட்டி வாசல் கதவைத் திறந்து வைத்துவிடுவார். கம்பிக் கதவு மட்டும் சாத்தியிருக்கும். உள்ளே விளக்குப் போட மாட்டார். சேலையூர் ஏரிப் பக்கமிருந்து வரும் காற்று மாடிப்படி ஏறி, அவர் வீட்டுக்குள் நுழைந்து, பின்பக்க பால்கனி வழியாக வெளியே போகும். அந்தக் காற்றின் நடுவில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுக்கொண்டு கண்ணை மூடி உட்கார்ந்திருப்பார். தூங்குகிறார் என்று நினைத்து நான் சத்தமில்லாமல் தாண்டிப் போனால், "என்ன, இன்னிக்கு காலேஜ் கேன்டீன்ல முட்டை பப்ஸா?" என்று இருட்டிலிருந்து குரல் வரும். எங்கள் வீடு சுத்த சைவம். அவர் ஒரு நாளும் மேலே வந்து அதைச் சொன்னதில்லை.

அவர் முதல் மாடி, நாங்கள் இரண்டாம் மாடி. தாம்பரம் கிழக்கில் இப்படிப்பட்ட குட்டி அபார்ட்மென்ட்டுகள் தெருவுக்குத் தெரு உண்டு. மழை முடிச்சூரில் பெய்கிறதா மாடம்பாக்கத்தில் பெய்கிறதா என்று மண்வாசனையை வைத்தே ஆன்ட்டி சொல்லிவிடுவார் என்பாள் என் அம்மா. அது அம்மா கட்டிய கதை. ஆனால் எந்த வீட்டில் எந்த அடுப்பில் என்ன தீய்கிறது என்பதை அந்த வீட்டுக்காரிக்கே தெரிவதற்கு முன்னால் இவர் சொல்லி நான் கேட்டிருக்கிறேன்.

அந்த மூக்கு பெயர் வாங்கியது சமையலில் அல்ல, குடியில். ரம்மா, பிராந்தியா, பீரா, இன்று குடித்ததா, நேற்றைய மிச்சமா, சாப்பாட்டுக்கு முன்பா பின்பா என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். ஒரு சொட்டு தொட்டதில்லை அவர். டெலிபோன் ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கஞ்சி போட்ட காட்டன் புடவையில் சர்ச்சுக்குப் போகிறவர். இந்தப் படிப்பை அவருக்குக் கற்றுக்கொடுத்தது அவருடைய கணவர். அந்த அங்கிள் இறந்தபோது எனக்கு நினைவு தெரிந்துவிட்டது. மஞ்சள் காமாலை என்றார்கள். குடித்துச் செத்தவர்கள் எல்லாருக்குமே நம் ஊரில் மஞ்சள் காமாலைதான் வரும்.

கட்டடத்துப் பெண்கள் சந்தேகம் வந்தால் அவரிடம் போவார்கள். துவைக்கப் போடுவதற்கு முன் கணவரின் சட்டையைச் சுருட்டி, முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு, படியில் யாராவது பார்க்கிறார்களா என்று பார்த்தபடி இறங்குவார்கள். மூன்றாம் மாடி அக்கா ஒரு நாள் அப்படி வந்தபோது நானும் அங்கே இருந்தேன். ஆன்ட்டி சட்டையின் காலரை மூக்குக்கு அருகே கொண்டுபோனார். வைரம் பார்க்கும் சேட்டுக்குக்கூட அவ்வளவு நிதானம் இருக்காது.

"பிராந்தி. கொஞ்சம்தான்," என்றார். "ஆனா தனியா உக்காந்து குடிச்சிருக்கார்."

"தனியான்னு எப்படி ஆன்ட்டி தெரியும்?"

"கூட நாலு பேர் இருந்தா சிகரெட் வாசனை ஏறியிருக்கும், வறுத்த கடலை வாசனை ஏறியிருக்கும். ஒண்ணுமே இல்ல. மனசுல ஏதோ இருக்கும்மா அவருக்கு. போய்த் திட்டாதே. என்னன்னு கேளு."

அந்த அக்கா கேட்டிருக்கிறார். மனிதர் குழந்தை மாதிரி அழுதாராம். வேலை போய் வெகு நாளாகிவிட்டிருந்தது. காலையில் டிபன் பாக்ஸை வாங்கிக்கொண்டு கிளம்பி, மின்சார ரயிலில் பொத்தேரி வரைக்கும் போவதும் வருவதுமாகப் பொழுதைக் கழித்திருக்கிறார். அதற்குப் பிறகு அந்த வீட்டில் ஆன்ட்டி சொல்தான் வேதவாக்கு.

ஆன்ட்டி யாரையும் திட்டியதில்லை. குடிக்கிறவனை நல்லவன் என்றும் சொன்னதில்லை, கெட்டவன் என்றும் சொன்னதில்லை. "திட்டறதுக்கு வேற ஆளுங்க இருக்காங்க. எனக்கு மூக்கு வேலை மட்டும்தான்" என்பார். வாட்ச்மேன் அண்ணனோடு அவர் நடத்திய உரையாடல் எங்கள் கட்டடத்தில் ஜோக்காக ரொம்ப நாள் ஓடியது.

"இன்னாம்மா அப்டி பாக்கற? சத்தியமா இன்னிக்கு தொடவே இல்ல," என்றார் வாட்ச்மேன்.

"இன்னிக்கு இல்லப்பா. நேத்து."

"நேத்து அடிச்சது இன்னுமா கீது?"

"கீது," என்றார் ஆன்ட்டி, துளிகூடச் சிரிக்காமல். வாட்ச்மேன்தான் சிரித்து உருண்டார்.

சர்ச்சிலும் இந்த மூக்கு சும்மா இருந்ததில்லை. திருவிருந்துக் கிண்ணத்தில் ஒரு ஞாயிறு திராட்சை ரசம் மாறியிருப்பதை அவர் ஒருவர்தான் கண்டுபிடித்தார். ஆராதனை முடிந்ததும் பாஸ்டரிடம் போய், "ரசம் புளிக்காததா இருக்கே ஐயா?" என்று கேட்டிருக்கிறார். சபையில் குடியை விட்டுவிட்ட சிலர் இருக்கிறார்கள், ஒரு வாய் அவர்களைத் திரும்ப அந்தப் பக்கம் இழுத்துவிடக் கூடாது, அதனால்தான் வெறும் சாறாக மாற்றினேன் என்றாராம் பாஸ்டர். இதை எனக்குச் சொன்னது ஆன்ட்டிதான். "எங்க வீட்டுக்காரருக்கு அந்த ஒரு வாயைத் தள்ளி வைக்க ஆள் இல்லாம போச்சு" என்றார். அங்கிளைப் பற்றி அவராக என்னிடம் பேசியது அதுதான் முதல் தடவை.

என் அப்பாவைப் பற்றிச் சொன்னால்தான் மீதிக் கதை புரியும். எங்கள் வீட்டில் குடி என்ற வார்த்தையே புழங்காது. 'அது' என்போம். "அவனுக்கு அது உண்டாம்" என்று அம்மா குரலைத் தாழ்த்திச் சொன்னால் எங்களுக்கு விளங்கிவிடும். பஸ் மதுக்கடையைத் தாண்டும்போது அப்பா எதிர்ப்பக்க ஜன்னலைப் பார்ப்பார். அவருடைய அண்ணன், என் பெரியப்பா, படப்பைப் பக்கம் இருந்த நிலத்தையெல்லாம் குடித்தே தீர்த்தவர். சாக்கடை ஓரத்தில் கிடந்த அண்ணனைத் தோளில் போட்டுக்கொண்டு, ஊரே பார்க்க நடந்து வந்த இளைஞன் என் அப்பாவுக்குள் எப்போதும் நடந்துகொண்டே இருந்தான். அதனால் அவர் பிடிவாதத்தை நான் கிண்டல் செய்தாலும் அதன்மேல் எனக்குக் கோபம் வந்ததில்லை.

அதே அப்பா இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு ஜீரணத்துக்கென்று அரிஷ்டம் குடிப்பார். மூடியில் அளந்து, வெந்நீர் கலந்து, பூஜை மாதிரி. ஆன்ட்டி ஒரு முறை அந்த பாட்டிலை முகர்ந்துவிட்டு அம்மாவைச் சமையலறைக்குத் தள்ளிக்கொண்டு போனார். "இதுவும் புளிச்ச சரக்குதான்னு சாருக்குத் தெரியுமா?" "தெரியாதுக்கா. சொல்லிடாதீங்க. அதைக் குடிச்சாதான் அவருக்குத் தூக்கமே வருது." இரண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

எனக்கு மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்தபோது அப்பாவுக்கு ஒரே ஒரு நிபந்தனைதான். சம்பளம் முன்னே பின்னே இருக்கலாம், நிறம் எப்படியும் இருக்கலாம், 'அது' மட்டும் கூடாது. ஆனால் அதை எப்படித் தெரிந்துகொள்வது? பையனின் பக்கத்து வீட்டில் விசாரித்தால் தங்கமான பையன் என்பார்கள். தேநீர்க் கடையில் கேட்டால் தங்கமான பையன் என்பார்கள். ஒரு கல்யாணத்தைக் கெடுத்த பாவம் நமக்கெதற்கு என்று ஊரே வாயை மூடிக்கொள்ளும். ஆகவே அப்பா கீழே போய் ஆன்ட்டியிடம் கேட்டார். "நீங்க வந்து சும்மா உக்காந்தா போதும்மா."

ஆன்ட்டி உடனே சரி என்றது எனக்கு ஆச்சரியம். பிறகு காரணம் சொன்னார். அவருடைய கல்யாணத்துக்கு முன்னால் அவருடைய அப்பாவும் பல்லாவரத்தில் வீடு வீடாக விசாரித்திருக்கிறார். தெருவில் ஒருத்தர் பாக்கியில்லாமல் தங்கமான பையன் என்று சொல்லியிருக்கிறார்கள். "எல்லாரும் நல்லவங்கதான். என் மேல ஒருத்தருக்கும் விரோதம் இல்ல. அவங்க நல்ல மனசுதான் என்னைக் கொண்டுபோய் அங்க தள்ளுச்சு."

அப்படித்தான் என்னைப் பெண் பார்க்கும் படலங்களில் ஆன்ட்டி ஒரு நிரந்தர உறுப்பினர் ஆனார். பஜ்ஜித் தட்டை அவர்தான் மாப்பிள்ளையிடம் நீட்டுவார். நீட்டும்போது குனிவார். அவ்வளவுதான் பரிசோதனை. நாற்காலிக்குத் திரும்பியதும் அம்மா கொடுக்கும் காபியை வாங்கிக் குடித்தால் பையன் தேறினான். "எனக்குத் தண்ணி போதும்மா" என்றால் அப்பா தொண்டையைக் கனைத்து, ஜாதகத்தை இன்னொரு தடவை பார்த்துவிட்டுச் சொல்கிறோம் என்று எழுந்துவிடுவார். நான் பட்டுப் புடவையில் வியர்த்துக்கொண்டு அவர் கை எந்த டம்ளருக்குப் போகிறது என்று பார்த்துக்கொண்டிருப்பேன். என் தலையெழுத்தே அங்கேதான் இருந்தது.

பெருங்களத்தூர்ப் பையன் ஏலக்காயை மென்று வந்திருந்தான். தண்ணி. "பாயசம் வைக்கவா வந்தான், அவ்வளவு ஏலக்காய்?" என்றார் ஆன்ட்டி பிறகு. குரோம்பேட்டைப் பையன் விஷயம்தான் வருத்தம். அவன் சைனஸுக்கு ஹோமியோபதி சொட்டு மருந்து சாப்பிடுகிறவன், அதில் ஸ்பிரிட் கலந்திருக்கும். ஆன்ட்டி குழம்பிப்போய்த் தண்ணீர் கேட்டுவிட்டார். அவர்கள் போன பிறகு, "சார், மருந்து மாதிரியும் இருந்துச்சு" என்று சொல்லிப் பார்த்தார். அப்பாவுக்கு மருந்து என்ற சொல் காதில் விழவில்லை. அன்று இரவும் வழக்கம்போல அரிஷ்டம் குடித்துவிட்டுப் படுத்தார்.

வரன்கள் வந்துகொண்டும் போய்க்கொண்டும் இருந்தன. என்னோடு படித்தவர்கள் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டார்கள். அப்புறம் கொரோனா வந்து எல்லாவற்றையும் சாத்திவிட்டது. இரண்டாம் அலையில் ஆன்ட்டிக்குக் காய்ச்சல் கண்டது. அவருடைய மகள் பெங்களூரிலிருந்து வர முடியவில்லை. அம்மா கஞ்சி வைத்துக் கொடுப்பாள், நான் அதைக் கம்பிக் கதவுக்கு வெளியே வைத்துவிட்டு, படியில் நின்று அவர் எடுக்கும் வரை பார்த்துக்கொண்டிருப்பேன். பிழைத்து எழுந்தார். இளைத்திருந்தார். மற்றபடி பழைய ஆன்ட்டிதான் என்று நினைத்தோம்.

ஊர் மறுபடி திறந்ததும் கீழ்க்கட்டளையிலிருந்து ஒரு வரன் வந்தது. அன்று வெளியே தூறல், பகலிலேயே வீட்டுக்குள் விளக்குப் போட்டிருந்தோம். எல்லாரும் சானிடைசர் தடவிக்கொண்டு வந்து உட்கார, கூடம் முழுக்க ஸ்பிரிட் வாடை. பையன் அதிகம் பேசவில்லை. ஜன்னலுக்கு வெளியே மழையைப் பார்த்துக்கொண்டிருந்தான், யாராவது கூப்பிட்டால் தூக்கத்திலிருந்து எழுந்தவன் போலத் திரும்பினான். எனக்கு அவனைப் பிடித்துவிட்டது. பிடித்துவிட்டது என்று தெரிந்த நிமிஷமே பயமும் வந்துவிட்டது.

அந்தப் பதற்றத்தில் அம்மா அடுப்பில் வைத்த பாலை மறந்துவிட்டாள். அடிப்பிடித்த பால். வேறு பால் கிடையாது. அதிலேயே காபி போட்டுக் கொண்டுவந்தாள். பையனின் அம்மா ஒரு மிடறு குடித்துவிட்டு டம்ளரை மெல்லக் கீழே வைத்தார். பையன் மருந்து குடிப்பதுபோலக் குடித்தான். அப்பாவின் முகமே கோணியது. ஆன்ட்டி பஜ்ஜித் தட்டை நீட்டிவிட்டு வந்து உட்கார்ந்து, காபியை வாங்கி, நிதானமாக அடி வரைக்கும் குடித்தார். "காபி ரொம்ப நல்லா இருக்கும்மா," என்றார்.

அப்பாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. எனக்கு மட்டும் புரிந்துவிட்டது. யார் வீட்டு ரசம் பொங்குகிறது என்று சொல்லுகிற மனுஷிக்குத் தன் கையில் இருக்கும் தீய்ந்த பால் தெரியவில்லை. அந்த மூக்கு போய்விட்டிருந்தது. இப்போது வந்திருப்பது தீர்ப்பே அல்ல. அதைச் சொன்னால் இந்த வரனும் போய்விடும். சொல்லாவிட்டால், கண்ணைக் கட்டிக்கொண்டு கிணற்றில் இறங்குவது நான்தான்.

தனியாகப் பேசவேண்டும் என்றேன். எங்கள் வீட்டில் அப்படிக் கேட்ட முதல் பெண் நான். பால்கனியில் துணி காயும் கொடிக்குக் கீழே நின்றோம். சுற்றி வளைக்க எனக்குத் தெரியாது.

"நீங்க குடிப்பீங்களா?"

அவர் கீழே நனைந்துகொண்டிருந்த ஸ்கூட்டர்களைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "எப்பவாவது. ஆபீஸ்ல டீமோட வெளிய போனா பீர். எங்க வீட்டுல தெரியாது," என்றார். "உங்க அப்பா கேட்டா இல்லைன்னுதான் சொல்லுவேன். நீங்க கேட்டதால சொல்றேன்."

"அது அதிகமாச்சுன்னா?"

"ஆகக் கூடாதுன்னுதான் நெனைக்கறேன். ஆகவே ஆகாதுன்னு எப்படிங்க சொல்றது?"

ஆகவே ஆகாது என்று சத்தியம் செய்திருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன். உள்ளே வந்து அம்மாவைப் பார்த்துத் தலையாட்டினேன்.

அன்று சாயங்காலம் கீழே போனேன். ஆன்ட்டி வழக்கம்போல இருட்டில் உட்கார்ந்திருந்தார். முன்னால் ஸ்டூலில் நீலகிரித் தைலம், கிராம்பு, எலுமிச்சம்பழம், ரோஜாப் பூ எல்லாம் வரிசையாக இருந்தன. தினமும் முகர்ந்து பார்த்தால் வாசனை திரும்ப வரலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறாராம். அதைப் பார்த்த பிறகு கேட்க எதுவும் இல்லை. இருந்தாலும், "பால் அடிப்பிடிச்சிருந்தது ஆன்ட்டி," என்றேன்.

ஸ்டேஷன் பக்கம் ஒரு ரயில் நீளமாகக் கூவிக்கொண்டு போனது.

"சொல்லியிருக்கணும். வாய் வரலை," என்றார். "இந்த மூக்கை விட்டா என்கிட்ட வேற என்ன இருக்கு, யார் என்னைத் தேடி வரப்போறாங்கன்னு தோணிடுச்சு. பையன் முகம் நல்லாயிருந்துச்சு. குடிச்சிட்டேன் காபியை. அப்புறம்தான் உறைச்சுது. பல்லாவரத்துல எனக்குச் செஞ்சதையே உனக்குச் செஞ்சுட்டேனா?"

"நான் அவர்கிட்டயே கேட்டுட்டேன்."

"என்ன சொன்னான்?"

"அவர் சொன்ன பதில் எனக்குப் பிடிச்சிருந்தது."

அதற்கு மேல் அவர் கேட்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டார். அப்படியே பிடித்துக்கொண்டுதான் மீதியைச் சொன்னார். இருட்டாக இருந்ததால் சொன்னாரோ என்னவோ.

"அந்த வாசனையை நான் எவ்வளவு வெறுத்தேன் தெரியுமா? தலையணை உறையைத் தினம் துவைப்பேன். ஆனா அவர் தண்டவாளத்தைத் தாண்டித்தான் வரணும். எத்தனை பேர் அங்க அடிபட்டுப் போயிருக்காங்க. நான் கதவைத் திறந்து வெச்சுக்கிட்டு இங்கயே உக்காந்திருப்பேன். படிக்கட்டுல அந்த வாசனை வந்ததும், அப்பாடா, மனுஷன் முழுசா வந்துட்டார்னு நெஞ்சுல பாரம் இறங்கும். கோபமெல்லாம் அதுக்கப்புறம்தான் வரும். அவர் போன பிறகும் யாராவது அந்த வாசனையோட படியேறினா, ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, வந்துட்டார்னு இருக்கும். அதுக்குத்தான் கதவைத் திறந்து வெச்சேன். உங்க எல்லாருக்கும் நான் வேவு பாக்கறேன்னு நெனைப்பு. இதை சர்ச்சுல யார்கிட்டப் போய்ச் சொல்ல? இப்போ அதுவும் இல்ல. படியில யார் ஏறினாலும் வெறும் காத்துதான் வருது."

அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். வெறும் காற்று இரண்டு பேரையும் கடந்து போய்க்கொண்டிருந்தது.

கல்யாணம் நடந்தது. அப்பா எல்லாரிடமும், மாப்பிள்ளைக்கு டீ காபி பழக்கம்கூட அவ்வளவாகக் கிடையாது என்று சொல்லிச் சொல்லிப் பூரித்தார். கீழ்க்கட்டளைக்குக் குடிபோனேன். சனி ஞாயிறுகளில் தாம்பரம் வருவேன். வரும்போதெல்லாம் ஆன்ட்டி ஸ்டூலில் கிராம்பையும் தைலத்தையும் வைத்துக்கொண்டு, "ஒண்ணும் வரலைம்மா" என்பார். அவரைத் தேடி வருகிறவர்கள் குறைந்துவிட்டார்கள். யாருக்கும் உண்மை தெரியாது. வயதாகிவிட்டது, தொந்தரவு செய்யவேண்டாம் என்று விட்டுவிட்டார்கள். வாட்ச்மேன் மட்டும் பழைய பயம் போகாமல் ஒதுங்கியே நடந்தார்.

அடுத்த ஐப்பசியில் ஒரு சனிக்கிழமை. நான் அம்மா வீட்டில் இருந்தேன். என் கணவர் கோவளம் பக்கம் ஆபீஸ் கூட்டத்தோடு போயிருந்தார், மத்தியானச் சாப்பாட்டுக்கு மாமனார் வீட்டுக்கு வருவதாகப் பேச்சு. சாப்பாட்டு வேளை தாண்டி, மழை விட்டு, வானம் மஞ்சளாகிவிட்ட பிறகு நண்பர்களின் கார் தெருமுனையில் இறக்கிவிட்டுப் போனது. நான் கேட்டில் நின்றிருந்தேன். அவர் சிரித்துக்கொண்டு பக்கத்தில் வந்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. தள்ளாட்டமெல்லாம் இல்லை. ஆனால் மூச்சு காட்டிக்கொடுத்தது. மேலே அப்பா டிவி பார்த்துக்கொண்டு கூடத்திலேயே உட்கார்ந்திருக்கிறார். அண்ணனைத் தோளில் சுமந்த மனிதர். இந்த மூச்சோடு மாப்பிள்ளை உள்ளே நுழைந்தால் அவருக்குள் என்ன உடையும், அதற்குப் பிறகு நான் எந்த முகத்தோடு அந்தப் படியேறுவேன்?

அந்தக் கட்டடத்திலேயே வாசனைக்குப் பயப்படத் தேவையில்லாத வீடு ஒன்றுதான் இருந்தது. அவரை ஆன்ட்டி வீட்டுக்குள் தள்ளினேன். "மழையில நனைஞ்சுட்டார் ஆன்ட்டி, கொஞ்ச நேரம் உக்காந்துட்டு மேல போறோம்" என்று ஏதோ உளறினேன். "உக்காருப்பா, டீ போடறேன்" என்று ஆன்ட்டி உள்ளே போனார். நான் ஜன்னல்களையெல்லாம் திறந்தேன். இவர் சோபாவில் முழங்காலைச் சேர்த்து வைத்துக்கொண்டு, வாயை இறுக மூடி உட்கார்ந்திருந்தார்.

டீயோடு வந்த ஆன்ட்டி கூடத்தின் நடுவில் நின்றுவிட்டார். தட்டை அப்படியே தரையில் வைத்தார். இவர் பக்கத்தில் வந்து, முகத்துக்கு அருகே குனிந்தார்.

"பீர்," என்றார்.

"ஆன்ட்டி, அப்பாகிட்ட…" என்று ஆரம்பித்தேன். அவர் கையைக் காட்டி என்னை நிறுத்தினார். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. அவர் அதைத் துடைக்கவில்லை.

"இவளை என்னிக்கும் வாசல்ல உக்காந்து காத்துட்டு இருக்க வெச்சுடாதப்பா," என்றார் இவரிடம். குரலில் கோபம் இல்லை, கெஞ்சல்தான் இருந்தது.

"வெக்க மாட்டேன் ஆன்ட்டி," என்றார் இவர், தலையைக் குனிந்தபடி.

"சார் கேட்டா நான் பாத்துக்கறேன். மாப்பிள்ளைக்கு இன்னிக்கு என் வீட்டுல சாப்பாடுன்னு சொல்லிக்கறேன்."

சமையலறைக்குப் போய்த் தட்டில் சோறும் வத்தக்குழம்பும் போட்டு எடுத்துவந்தார். மேஜையில் வைத்துவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, இவருக்கு மிக நெருக்கமாக, முழங்கால் இடிக்கும் தூரத்தில் உட்கார்ந்தார். இவர் கோவளத்தில் வயிறு முட்டச் சாப்பிட்டு வந்தவர். என்னைப் பார்த்தார். நான் தலையசைத்தேன். சாப்பிட ஆரம்பித்தார். வாசனை ஆன்ட்டி பக்கம் போய்விடக் கூடாதே என்று கவளத்துக்குக் கவளம் வாயை இறுக மூடிக்கொண்டார். முகத்தை என் பக்கமாகத் திருப்பிக்கொண்டார்.

"திரும்பாதே," என்றார் ஆன்ட்டி. "பேசிக்கிட்டே சாப்பிடு."

"என்ன ஆன்ட்டி பேசறது?"

"எதையாவது பேசு. வழியெல்லாம் எப்படி இருந்துச்சு, ஏன் இவ்வளவு லேட்டு, எதையாவது."

இவர் பேச ஆரம்பித்தார். சோழிங்கநல்லூரில் தண்ணீர் தேங்கி நிற்கிறது, மேடவாக்கத்தில் பாலத்துக்குக் கீழே வண்டி நகரவேயில்லை, ஒரு லாரி குறுக்கே நின்றுவிட்டது. ஆன்ட்டி கண்ணை மூடிக்கொண்டு, முகத்தைக் கொஞ்சம் உயர்த்தி வைத்துக்கொண்டு, "ம்… ம்…" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.